பிடித்தம் எல்லாம் செலவல்ல

மாதக் கடைசியில் ஊதியச் சீட்டைத் திறந்ததும் நம்மில் பெரும்பாலோர் பார்ப்பது கடைசி வரியைத்தான். பிடித்தம் போகக் கைக்கு எவ்வளவு? அந்த ஓர் எண்ணை வைத்துத்தான் வீட்டில் மளிகை, பள்ளிக் கட்டணம், மருந்து எல்லாம் திட்டமிடப்படுகின்றன. நடுவில் உள்ள எட்டுப் பத்து வரிகளைப் 'பிடித்தம்' என்ற ஒரே சொல்லில் மூட்டை கட்டிவிடுகிறோம். ஆசிரியர் அறையில் அடிக்கடி கேட்கும் பேச்சு இது: "எழுபத்தெட்டாயிரம் சம்பளம்னு பேரு. கைக்கு வர்றது ஐம்பத்தேழு. மிச்சமெல்லாம் போயிடுது." அந்தப் 'போயிடுது' என்ற சொல்லைத்தான் இக்கட்டுரையில் கொஞ்சம் பிரித்துப் பார்க்கப்போகிறேன்.

நான் புதுக்கோட்டை மாவட்டத்தில் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் வணிகவியல் முதுகலை ஆசிரியர். பதினொன்றாம் வகுப்பில் ஆண்டுதோறும் இரட்டைப் பதிவு முறையைக் கரும்பலகையில் விளக்குகிறேன். கற்பனை வியாபாரிகளின் சரக்கையும் கடனாளிகளையும் வைத்தே பாடம் நடக்கிறது. அதே முறையில் என் வீட்டுக் கணக்கை ஆறு ஆண்டுகளாகக் கணினியில் எழுதி வருகிறேன். விலை கொடுத்து வாங்கிய மென்பொருள் எதுவும் இல்லை. நோட்பேடில் தட்டச்சு செய்யும் சாதாரண எழுத்துக் கோப்பு, அதைப் படித்துக் கூட்டிச் சொல்லும் இலவச மென்பொருள் ஒன்று, அவ்வளவுதான்.

ஓர் ஊதியச் சீட்டை எடுத்துக்கொள்வோம். எளிமைக்காக எண்களை நானே வைத்துக்கொள்கிறேன். அடிப்படை ஊதியமும் அகவிலைப்படியும் சேர்த்து 75,000 ரூபாய், மற்ற படிகள் 3,000, ஆக மொத்தம் 78,000. பங்களிப்பு ஓய்வூதியத் திட்டத்துக்கு, அடிப்படை ஊதியமும் அகவிலைப்படியும் சேர்ந்த தொகையில் 10 விழுக்காடு, அதாவது 7,500 பிடிக்கிறார்கள். ஆசிரியர் கூட்டுறவு சிக்கன நாணயச் சங்கத்துக்கு 11,000 போகிறது. அதில் கடனின் அசல் 8,000, வட்டி 2,000, சிக்கன சேமிப்பு 1,000. மருத்துவக் காப்பீடும் குடும்ப நல நிதியும் 410, வருமான வரி 2,000. பிடித்தம் மொத்தம் 20,910. கைக்கு வருவது 57,090.

இதை என் கோப்பில் இப்படி எழுதுவேன்:

2025-06-30 ஜூன் சம்பளம்
    சொத்து:வங்கி  57090
    சொத்து:பங்களிப்பு ஓய்வூதியம்  7500
    சொத்து:சங்கச் சேமிப்பு  1000
    கடன்:சங்கம்  8000
    செலவு:வட்டி:சங்கம்  2000
    செலவு:காப்பீடு  410
    செலவு:வருமான வரி  2000
    வருமானம்:சம்பளம்  -78000

எல்லா எண்களையும் கூட்டிப் பாருங்கள், பூச்சியம் வரும். இரட்டைப் பதிவின் சட்டம் இது ஒன்றுதான். ஒரு ரூபாய் எங்கிருந்தோ புறப்பட்டு எங்கேயோ போய்ச் சேர்ந்தாக வேண்டும். புறப்பட்ட இடத்துக்குக் கழித்தல் குறி, சேர்ந்த இடத்துக்குக் கூட்டல். கூட்டுத்தொகை பூச்சியமாக வராவிட்டால் மென்பொருள் அந்த வரி எண்ணைச் சொல்லி நின்றுவிடும்.

இப்போது 'போய்விட்டது' என்று சொன்ன 20,910 ரூபாயைப் பார்ப்போம். ஓய்வூதியத்துக்குப் போன 7,500 நம் பெயரில்தான் இருக்கிறது. சங்கச் சேமிப்பு 1,000 நம்முடையது. அசலுக்குப் போன 8,000 நம் கடனைக் குறைத்திருக்கிறது. கடன் குறைந்தாலும் சொத்து கூடினாலும் நம் நிலைமையில் விளைவு ஒன்றே. ஆக 16,500 ரூபாய் இடம் மாறியிருக்கிறதே தவிரச் செலவாகவில்லை. உண்மையில் செலவானது 4,410. அதிலும் காப்பீடும் வரியும் நம் கையில் இல்லாதவை. நம் முடிவால் கூடவோ குறையவோ கூடியது வட்டி 2,000 மட்டும்தான். ஊதியச் சீட்டில் சங்கம் என்ற ஒற்றை வரியில் மறைந்து கிடப்பதும் அதுதான். சங்கத்தில் கேட்டால் அசல் எவ்வளவு, வட்டி எவ்வளவு என்று பிரித்துச் சொல்வார்கள். கேட்டு வாங்கிவிடுங்கள்.

வருமான வரியை நான் செலவில் வைக்கிறேன். ஓய்வூதியப் பங்களிப்பைச் சொத்தில் வைக்கிறேன். "முப்பது வருஷம் கழித்து வருவதை இன்றைக்குச் சொத்து என்று எப்படி எழுதுவது?" என்று நண்பர் ஒருவர் வாதிட்டார். நியாயமான கேள்விதான். அதனால்தான் அதை வங்கியோடு சேர்க்காமல் தனிக் கணக்காக வைக்கிறேன். இன்று எடுத்துச் செலவழிக்கக்கூடியது எவ்வளவு என்று பார்க்கும்போது அதை விட்டுவிட்டுப் பார்க்கலாம். பொது வருங்கால வைப்பு நிதியில் உள்ள மூத்த ஆசிரியர்களும் தங்கள் சந்தாவை இதே இடத்தில் எழுதலாம்.

வரவு என்ற சொல்லின் குழப்பம்

நம் வீடுகளில் 'வரவு செலவு நோட்டு' பழக்கமானது. இடப்பக்கம் வந்தது, வலப்பக்கம் போனது. கடன் வாங்காத குடும்பத்துக்கு அது போதும். ஆனால் ஜூன் மாதத்தில் ஒருவர் நகையை அடகு வைத்து ஒரு லட்சம் வாங்குகிறார் என்று வைப்போம். நோட்டில் அது வரவுப் பக்கம் ஏறும். அந்த மாதம் வீடு செழிப்பாக இருப்பதுபோல் தோன்றும். அடுத்த ஆண்டு கடனை அடைக்கும்போது ஒரு லட்சமும் வட்டியும் 'செலவு' என்று ஏறும். இரண்டு மாதமும் நோட்டு சொல்வது உண்மையில்லை. இரட்டைப் பதிவில் இது இரண்டே வரி:

2025-06-10 நகைக்கடன்
    சொத்து:கையிருப்பு  100000
    கடன்:நகைக்கடன்

இரண்டாவது வரியில் தொகை எழுதவில்லை. ஒரே ஒரு வரியில் தொகையை விட்டுவிட்டால் மீதியை மென்பொருளே நிரப்பிக்கொள்ளும். கையிருப்பு ஒரு லட்சம் கூடியது, கடன் ஒரு லட்சம் கூடியது. வருமானக் கணக்கை இது தொடவே இல்லை. நகை நம்முடையதாகவே இருக்கிறது, அதனால் நகைக் கணக்கிலும் மாற்றமில்லை. பின்னர் வட்டி கட்டும்போது அந்த வட்டி மட்டும் செலவில் ஏறும்.

நம் பாடநூலைப் படித்த மாணவர்களுக்கு இதில் ஒரு சிக்கல் வரும். பாடநூல் 'உள்ளே வருவதைப் பற்று செய், வெளியே செல்வதை வரவு செய்' என்கிறது. பேச்சுத் தமிழில் வரவு என்றால் வருவது. வங்கிக் கணக்கேட்டிலோ நாம் பணம் போட்டால் வரவு என்று அச்சாகிறது. மாணவர் கேட்பார்: "பணம் வந்தா நம்ம கணக்குல வங்கியைப் பற்று செய்யணும்னு சொன்னீங்க. பாஸ்புக்ல வரவுன்னு இருக்கே சார்?" பாஸ்புக் வங்கி எழுதும் கணக்கு என்பதை அங்கே நிறுத்திச் சொல்ல வேண்டும். நாம் போட்ட பணம் வங்கிக்குக் கடன். நமக்குச் சொத்தாக இருப்பது அவர்களுக்குப் பொறுப்பு. ஒரே பணம், இரண்டு பேர் கணக்கு, இரண்டு எதிர்ப்பக்கங்கள். எழுத்துக் கோப்பில் பற்று, வரவு என்ற சொற்களே கிடையாது. கூட்டலும் கழித்தலும்தான். முதல் இரண்டு வாரம் அப்படியே எழுதவிட்டு, பிறகு கூட்டல் என்றால் பற்று, கழித்தல் என்றால் வரவு என்று சொன்னால் மாணவர்கள் எளிதில் பிடித்துக்கொள்கிறார்கள். என் அனுபவத்தில் இந்த வரிசை நன்றாக வேலை செய்கிறது.

இந்த முறை பழையது. வெனிஸ் நகர வணிகர்கள் கையாண்ட கணக்கு முறையை லூக்கா பச்சியோலி என்ற துறவி 1494-இல் அங்கேயே அச்சான தம் கணித நூலில் விளக்கினார். அந்த நூலின் பெயர் 'சும்மா' என்று தொடங்கும். வகுப்பில் சொன்னால் ஒரு நிமிடம் சிரிப்பு அடங்காது. அவர் முறையைக் கண்டுபிடித்தவர் அல்லர், நடைமுறையில் இருந்ததை எழுதி வைத்தவர். எழுத்துக் கோப்பை மட்டும் வைத்துக் கணக்குப் பார்க்கும் வழி அண்மைக் காலத்தது. ஜான் வீக்லி என்ற நிரலாளர் 2003-இல் 'லெட்ஜர்' என்ற மென்பொருளை வெளியிட்டார். சைமன் மைக்கேல் 2007-இல் அதைப் பின்பற்றி 'ஹெச்லெட்ஜர்' எழுதத் தொடங்கினார். நான் பயன்படுத்துவது அதுதான். பைத்தான் மொழியில் எழுதப்பட்ட 'பீன்கவுன்ட்' என்பதும் உண்டு. மூன்றும் கட்டற்ற மென்பொருள்கள், காசு கொடுக்க வேண்டியதில்லை.

முன்பு கைப்பேசியில் ஒரு செலவுக் கணக்குச் செயலியை வைத்திருந்தேன். குறுஞ்செய்திகளைப் படிக்க அனுமதி கேட்டது, அவ்வப்போது கடன் விளம்பரம் காட்டியது. ஒருநாள் சேவை நிறுத்தப்படுகிறது என்று அறிவிப்பு வந்தது. இரண்டு ஆண்டுக் கணக்கை வெளியே எடுக்க வழியில்லை. பணிப்பதிவேட்டை முப்பது ஆண்டுகள் காக்கும் நமக்கு, நம் பணக் கணக்கு யாரோ ஒருவரின் விருப்பத்தில் இருப்பது பொருந்தவில்லை. எழுத்துக் கோப்பை எந்தக் கணினியும் திறக்கும். ஹெச்லெட்ஜர் நாளை இல்லாமல் போனாலும் மேலே உள்ள சம்பளப் பதிவை நீங்கள் கண்ணால் படித்துப் புரிந்துகொண்டீர்கள் அல்லவா? அதுபோலவே படிக்கலாம்.

மொய்யை எங்கே எழுதுவது?

எங்கள் பக்கத்து ஆசிரியர்கள் முதலில் கேட்பது இதைத்தான். புதுக்கோட்டை, தஞ்சாவூர் மாவட்டங்களின் சில பகுதிகளில் ஆடி, ஆவணியில் மொய் விருந்து நடப்பது எல்லோரும் அறிந்தது. மற்ற ஊர்களிலும் கல்யாணம், காதுகுத்து, புதுமனை புகுவிழா என்று மொய் உண்டு. விசேஷ வீட்டில் மூன்று லட்சம் மொய் வந்தால் அது வருமானமா? மொய் நோட்டைப் பத்திரமாகப் பெட்டியில் வைக்கிறோமே, ஏன்? திருப்பிச் செய்ய வேண்டும் என்பதால்தான். நம் மக்கள் அதைக் கடனாகவே நடத்துகிறார்கள், வரவு செலவு நோட்டுதான் அதை வரவு என்கிறது. மொய் நோட்டே ஓர் அருமையான தனிநபர் பேரேடு. அதைக் கோப்பில் ஏற்றுவது எளிது. கீரமங்கலம் மாமா நம் வீட்டு விசேஷத்தில் 1,000 செய்தார்:

2024-08-25 வீட்டு விசேஷம்
    சொத்து:கையிருப்பு  1000
    கடன்:மொய்:கீரமங்கலம் மாமா  -1000

அடுத்த ஆண்டு அவர் வீட்டு விசேஷத்தில் நாம் 1,500 செய்கிறோம். அந்தக் கணக்கில் 1,500 கூட்டினால் நிலுவை 500 என்று கூட்டல் குறியோடு நிற்கும். பழைய ஆயிரம் அடைந்தது, ஐந்நூறு நமக்கு வர வேண்டியது. மொய்க் கணக்கை மட்டும் தனியாகக் கேட்டால், யாருக்கு எவ்வளவு செய்ய வேண்டும் என்ற பட்டியல் ஒரு நொடியில் வந்துவிடும். பத்திரிகை வந்தவுடன் பெட்டியைத் திறந்து நோட்டைப் புரட்டும் வேலை இல்லை. விசேஷத்தில் வந்த பணத்தில் வீட்டைப் பூசிவிட்டு, 'கடன் இல்லாமல் முடித்தேன்' என்று சொல்லும் நிம்மதியும் இதில் கிடைக்காது. கோப்பு மொய்யைக் கடன் பட்டியலில் காட்டிக்கொண்டே இருக்கும்.

இனி நடைமுறை. ஹெச்லெட்ஜர் விண்டோஸிலும் லினக்ஸிலும் ஓடும். கட்டளைச் சாளரத்தில் 'பேலன்ஸ்ஷீட்' என்று கேட்டால் சொத்து, கடன் பட்டியலையும், 'இன்கம்ஸ்டேட்மென்ட்' என்று கேட்டால் வருமான, செலவுப் பட்டியலையும் தரும். கணக்கின் பெயர்களைத் தமிழிலேயே வைத்துக்கொள்ளலாம். ஆனால் எழுத்துரு யூனிகோடாக இருக்க வேண்டும். வானவில், பாமினி போன்ற பழைய விசைமுறைக் குறியேற்றங்களில் எழுதினால் பின்னால் படிக்க முடியாது. தமிழ்ப் பெயர் வைக்கும்போது, எந்தத் தலைக்கணக்கு சொத்து, எது கடன், எது வருமானம், எது செலவு என்று கோப்பின் தொடக்கத்தில் ஒருமுறை அறிவித்துவிட வேண்டும். அதற்கான ஒற்றை எழுத்துக் குறியீடுகள் மென்பொருளின் கையேட்டில் உள்ளன. கணக்கின் பெயருக்கும் தொகைக்கும் இடையே குறைந்தது இரண்டு இடைவெளி விட வேண்டும். ஒன்று மட்டும் விட்டால் தொகையையும் பெயரின் பகுதியாக எடுத்துக்கொள்ளும். புதிதாகத் தொடங்குவோர் பெரும்பாலும் தடுக்கி விழுவது இங்கேதான். லட்சம், கோடி என்று நம் முறையில் காற்புள்ளி போட்டு எழுதினாலும் ஏற்றுக்கொள்கிறது.

எனக்கு மிகவும் பிடித்த வசதி ஒன்றைச் சொல்ல வேண்டும். தொகைக்குப் பின்னால் சமக்குறி போட்டு, வங்கி சொல்லும் இருப்பை எழுதலாம்:

2025-07-06 மளிகை
    செலவு:மளிகை  3450
    சொத்து:வங்கி  -3450 = 61240

சம்பளத்துக்கு முன் வங்கியில் 7,600 இருந்தது என்று வைத்துக்கொண்டால் கணக்கு சரியாக வரும். எங்காவது ஒரு பதிவு விடுபட்டிருந்தால், என் கணக்கின்படி இருப்பு இவ்வளவு, நீ சொல்வது இவ்வளவு, வித்தியாசம் இவ்வளவு என்று மென்பொருள் நின்றுவிடும். பாடநூலில் 'வங்கிச் சரிகட்டும் பட்டியல்' என்று ஓர் அலகே நடத்துகிறோமே, அதன் வீட்டு வடிவம் இது. வங்கி நமக்குத் தெரியாமல் பிடித்த குறுஞ்செய்திக் கட்டணமும், தானாகப் புதுப்பித்துக்கொண்ட காப்பீட்டுச் சந்தாவும் எனக்கு இப்படித்தான் தெரியவந்தன.

ஒவ்வொரு டீக்கும் பதிவு எழுத வேண்டாம். அப்படித் தொடங்கியவர்கள் மூன்று வாரத்தில் விட்டுவிடுவதைப் பார்த்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை இருபது நிமிடம் போதும். வங்கி வழியாக நடந்ததைப் பார்த்து எழுதுங்கள். பையில் இருக்கும் ரொக்கத்தை எண்ணி, குறைந்ததை 'செலவு:சில்லறை' என்று ஒரே வரியில் முடித்துவிடுங்கள். நான் மாதம் தவறாமல் எழுதுவது சம்பளம், கடன், வட்டி, மொய் ஆகிய நான்கைத்தான். மற்றவை அப்படி இப்படி இருந்தாலும் பாதகமில்லை. ஆண்டு முடிவில் 'செலவு:வட்டி' என்ற ஒரு கணக்கை மட்டும் கேட்டபோது, சங்கம், வீட்டுக்கடன், நகைக்கடன் மூன்றின் வட்டியும் சேர்ந்து எங்கள் வீட்டில் இரண்டு மாதக் கைச்சம்பளத்துக்கு மேல் இருந்தது. அந்த ஆண்டு சங்கக் கடனைப் புதுப்பித்துக் கூடுதலாக எடுக்க வாய்ப்பு வந்தது. நானும் மனைவியும் அந்த எண்ணை வைத்துக்கொண்டு பேசி, வேண்டாம் என்று முடிவு செய்தோம்.

வகுப்பறைக்கு வருவோம். பன்னிரண்டாம் வகுப்பில் டேலி பாடம் இருக்கிறது. அது வேலைவாய்ப்புக்குத் தேவை, அதை விட முடியாது. ஆனால் டேலியில் திரைகள் முந்திக்கொள்கின்றன, பதிவின் எலும்புக்கூடு கண்ணில் படுவதில்லை. எழுத்துக் கோப்பில் எலும்புக்கூடு மட்டும்தான் இருக்கிறது. உயர்தொழில்நுட்ப ஆய்வகத்தில் ஒரு பாடவேளை போதும். மென்பொருள் இல்லாவிட்டாலும் நோட்பேடு போதும், கூட்டிப் பூச்சியம் வருகிறதா என்று பக்கத்து மாணவர் சரிபார்க்கட்டும்.

சென்ற ஆண்டு மாணவர்களிடம், வீட்டில் நடந்த ஏதாவது ஒரு பண நடவடிக்கையைப் பெயர் சொல்லாமல் எழுதி வரச் சொன்னேன். ஒரு மாணவி தன் அம்மா வாங்கிய வாரத் தவணைக் கடனை எழுதி வந்தாள். கடன் 30,000. வாரம் 700 வீதம் 50 வாரம். கையில் கொடுத்தது 29,400. "சார், பூச்சியம் வரமாட்டேங்குது. அறுநூறு உதைக்குது" என்றாள். பரிசீலனைக் கட்டணம் என்று முன்னதாகவே கழித்துக்கொண்ட 600 அது. அதைச் செலவில் எழுதியதும் கணக்கு நேரானது. பிறகு அவளே 700-ஐ ஐம்பதால் பெருக்கி 35,000 என்று எழுதினாள். வட்டி 5,000, கட்டணம் 600. "அப்போ 29,400-க்கு 5,600 சார்." கடன் வாரா வாரம் குறைந்துகொண்டே வருவதால், ஆண்டு முழுவதும் கையில் இருந்த சராசரிக் கடன் ஏறக்குறைய பதினைந்தாயிரம்தான் என்பதையும் சேர்த்துப் பார்த்தோம். அந்தப் பதினைந்தாயிரத்துக்கு 5,600 என்பது என்ன விகிதம் என்று வகுத்துப் பார்க்க அவர்களுக்கு என் உதவி தேவைப்படவில்லை. வகுப்பு சற்று நேரம் அமைதியாக இருந்தது. இப்படிப்பட்ட பயிற்சியில் மாணவர் வீட்டு விவரங்களைப் பலகையில் எழுதக் கூடாது, பெயரோடு பேசக் கூடாது. தாளை வாங்கிப் பார்த்துத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். அவள் விரும்பியதால் எண்களை மட்டும் வகுப்பில் வைத்துப் பேசினோம்.

தொடங்க நினைப்பவர்கள் பழைய கணக்கையெல்லாம் தோண்ட வேண்டாம். ஏதேனும் ஒரு மாதத்தின் முதல் நாளைத் தேர்ந்தெடுங்கள். அன்று வங்கியில் எவ்வளவு, சங்கத்தில் கடன் பாக்கி எவ்வளவு, நகைக்கடன் எவ்வளவு, சீட்டில் கட்டியது எவ்வளவு என்று தொடக்க இருப்பாக ஒரே பதிவில் எழுதி, வித்தியாசத்தை 'முதல்' என்ற கணக்கில் வையுங்கள். அந்த 'முதல்' நீங்கள் எதிர்பார்க்கும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கமாகவும் வரக்கூடும், வரட்டும். வங்கிக் கணக்கு எண், கடவுச்சொல் எதையும் கோப்பில் எழுத வேண்டாம். பென்டிரைவில் ஒரு படி வைத்திருங்கள். நான் ஆண்டுதோறும் மார்ச் 31 அன்று சொத்து, கடன் பட்டியலை ஒரு பக்கமாக அச்செடுத்து, பணிப்பதிவேட்டின் நகல் இருக்கும் அதே கோப்புறையில் வைக்கிறேன். அது பீரோவில் எந்தத் தட்டில் இருக்கிறது என்பது என் மனைவிக்கும் மகனுக்கும் தெரியும்.